கண்மாய்க்குப் போகாத வகுப்பு

ராமநாதபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மலை வரும். நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். அந்த மாவட்டத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வைகை வந்து சேர்கிற இடம்தான், ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகக் கிடக்கும். பிள்ளைகள் தினமும் பார்ப்பது பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீளும் கண்மாய்க் கரையை, கரைக்குள் அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை, அதற்குள் நுழைந்து மேயும் ஆடுகளை, தூரத்தில் கரிமூட்டத்திலிருந்து எழும் புகையை. இதில் ஒன்றும் தாளில் வராது. வரையத் தெரியாததால் இல்லை. இயற்கை என்று பள்ளிக்கூடம் எதைச் சொல்கிறது என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது வேறெங்கோ இருக்கும், அழகாக இருக்கும், தன் வீட்டுக்கும் அப்பா பார்க்கிற வேலைக்கும் அதில் இடமிருக்காது.

சுற்றுச்சூழல் பாடம் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று குறை சொல்ல முடியாது. உச்ச நீதிமன்ற உத்தரவாகவே போய்ச் சேர்ந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் அதைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னார்கள். 2003-ல் மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. 2001-ல் தேசிய பசுமைப் படை தொடங்கி, பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் முளைத்தன. தமிழ்நாட்டில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்றே பாடம் உண்டு. ஜூன் 5 வந்தால் உறுதிமொழி, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஒரு மரக்கன்று, அதைச் சுற்றி நின்று ஒரு புகைப்படம்.

அந்த மரக்கன்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் கன்று நட்டால் தென்மேற்குப் பருவமழை அதைப் பார்த்துக்கொள்ளும். ராமநாதபுரத்துக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வரும். ஜூனில் நட்ட கன்று நாலு மாதம் வெயிலில் நின்றாக வேண்டும். ஊர்ப் பெரியவர் எவரும் ஐப்பசி பிறக்காமல் அங்கே கன்று நட மாட்டார். ஆனால் உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூனில் வருகிறது, கன்றும் ஜூனில் வருகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று. ‘நாம் நட்டது ஏன் பட்டுப்போனது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், நாட்டுக்கு இரண்டு பருவமழை ஏன், தன் ஊர் எந்த மழையை நம்பியிருக்கிறது என்று மூன்று நாள் வகுப்பு நடத்தலாம். அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. ‘மரம் வளர்ப்பதன் பயன்கள் யாவை?’ என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பாடம் பெரும்பாலும் அறிவுரையாக இருக்கிறது என்பதுதான் என் முதல் மனத்தாங்கல். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்காதே என்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நேரத்துக்குக் காத்திருந்து, தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கித் தெருவழியே உருட்டிவரும் தாயின் பிள்ளைக்கு அதைச் சொல்கிறது. மின்சாரத்தை வீணாக்காதே, காரில் தனியாகப் போகாதே, நெகிழிப் பையை மறு. பூமியைக் கெடுத்ததில் மிகக் குறைந்த பங்குள்ள வீட்டிலிருந்து வருகிற குழந்தை, எழுந்து நின்று ‘இனி கெடுக்க மாட்டேன்’ என்று உறுதிமொழி எடுக்கிறது. இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கண்மாய் ஒன்றை வைத்துக்கொண்டே ஐந்து வருடம் பாடம் நடத்த முடியும். மழை பெய்கிறது, வரத்துக்காலில் ஓடி வருகிறது, கண்மாயில் நிற்கிறது, மடைவழியே வயலுக்குப் போகிறது, மிஞ்சினால் கலுங்கைத் தாண்டி மறுகால் பாய்கிறது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்து. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்கள் என்பார்கள். அவற்றில் பெரும்பங்கு இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்துவிடப்பட்டவை. நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வகுப்பு நிஜமாகவே தேடிக் கிளம்பினால், வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து மேலூர்க் கலுங்கில்தான் போய் நிற்கும். நீர்ப்பிடிப்பு என்றால் என்ன என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளவைகளும் அங்கேயே இருக்கின்றன. இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துச் செருகினால் மழைமானி. பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் விட்டு, அங்கே சுழியம் என்று கோடு போட வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வகுப்பறைக் கூரை எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் என்றால் 48 சதுர மீட்டர். ஒரு நல்ல ஐப்பசி இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 2,400 லிட்டர் வழிந்து ஓடியிருக்கும். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 160 குடம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்க்கும் விதம் வேறு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லுவார்கள். மழைநீர் சேகரிப்பின் ஐந்து நன்மைகளை யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வதில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு நத்தை குத்தி நாரைகள் கூட்டமாக வரும். 1977-ல் சரணாலயமான இடம். பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்தச் செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகைகள் எழுதுகின்றன, ஆசிரியர்களும் வகுப்பில் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் சொன்னதும் அது நீதிக்கதையாகிவிடுகிறது: அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார், எவ்வளவு நல்லவர்கள். எனக்கு வேறு கேள்விகள் பிடிக்கும். நாரை ஏன் இந்தக் கண்மாய்க்கு வருகிறது, பக்கத்துக் கண்மாய்க்கு ஏன் வருவதில்லை? நத்தைக்கு எங்கே போகிறது? வயலில் பூச்சிமருந்து அடித்தால் நத்தைக்கு என்ன ஆகிறது? மரத்தடியில் கொட்டும் எச்சம் தண்ணீரில் கரைந்தால் பயிருக்கு நல்லதா கெட்டதா? கடைசிக் கேள்விக்கு வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பதில் வைத்திருக்கிறார்கள். பட்டாசைத் துறப்பதில் நல்ல மனசு தெரிகிறது. அந்த நல்ல மனசுக்குள் ஒரு பாசனக் கணக்கும் இருக்கிறது என்று சொன்னால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

சரி, அப்படியானால் பிள்ளைகளைக் கண்மாய்க்கு அழைத்துப் போக வேண்டியதுதானே? எந்தத் தலைமையாசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்பார். “சார், உள்ள பூரா குழி. எந்த இடத்துல எவ்வளவு ஆழம்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” அவர் பயப்படுவது சரி. ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பிறகு குளத்திலும் கண்மாயிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு கோடையில் வயலுக்கு வண்டல் அள்ளுவார்கள்; மாட்டுவண்டியில், மேலாக, பரவலாக. கண்மாயும் தூர்வாரிய மாதிரி ஆகும், வயலுக்கும் உரமாகும். இப்போது மண் அள்ளும் இயந்திரம் இறங்குகிறது. அனுமதி ஓர் அளவுக்கு, தோண்டுவது வேறோர் அளவுக்கு. சவுடு மண்ணாக லாரியேறி வீட்டுமனைகளுக்கும் சாலைகளுக்கும் போகிறது. மடைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கிற தண்ணீர் எந்த வயலுக்கும் ஏறாது. மழை பெய்தால் மேலே ஒரே தண்ணீர்ப் பரப்பாகத் தெரியும், கீழே எங்கே குழி என்று தெரியாது.

ஆக, ஊரின் முக்கியமான சூழல் பாடத்தை நடத்த முடியாமல் தடுப்பது அந்தப் பாடமேதான். வகுப்பறைக்குள் உட்கார்ந்து குழந்தைகள் ‘நீர்நிலைகளைப் பாதுகாப்போம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழி எப்படி வந்தது என்று கேட்பதற்கு அனுமதியிருந்தால், கண்மாய்க்குப் போகாமலேகூட வகுப்பு நடத்திவிடலாம். லாரி எந்த வழியாகப் போனது, எத்தனை நாள் போனது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சிலருடைய அண்ணன்கள் அந்த லாரியில் கிளீனராகப் போயிருப்பார்கள்.

சீமைக் கருவேலத்தின் கதை இன்னும் சிக்கல். அமெரிக்கக் கண்டத்து மரம். இங்கே விறகுக்காகப் பரப்பப்பட்டு, தெற்கு மாவட்டங்களின் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லித் தீவிரமாக உத்தரவிட்டபோது, ஊரே ஒரு வேகத்தில் இறங்கியது; சில மாதங்களில் அதற்குத் தடையும் வந்தது. அந்தக் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய அறிவியல் இது: மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், மேகத்தை விரட்டிவிடும், நிழலில் கட்டிய மாடு மலடாகும். ஆசிரியர்களும் இதையே சொன்னார்கள், பிள்ளைகள் இதையே பேச்சுப் போட்டியில் முழங்கினார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு ரூபாய்கூட ஆகாது. காலை வெயிலில் சீமைக் கருவேலக் கிளை ஒன்றிலும், வேப்பங்கிளை ஒன்றிலும், புங்கங்கிளை ஒன்றிலும் கண்ணாடி போன்ற பாலித்தீன் பையைக் கட்டிவிட்டு மத்தியானம் போய்ப் பார்த்தால் மூன்றிலும் நீர்த்துளி கோத்திருக்கும். இலை தண்ணீரை வெளியே விடுகிறது. எந்தப் பையில் அதிகம், இலைப் பரப்புக்குக் கணக்கிட்டால் எதில் அதிகம் என்று அடுத்த சண்டை தொடங்கும், தொடங்கட்டும். மரம் எல்லா இடத்திலும் எப்படி முளைத்தது என்ற கேள்விக்கு ஆட்டுப் புழுக்கையைக் கொட்டாங்குச்சியில் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தால் போதும். நெற்றைத் தின்ற ஆடுதான் நடவு ஆள். மரத்தால் தீங்கு உண்டா? உண்டு. கண்மாயின் உள்ளே மண்டித் தண்ணீர் நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது, பிற செடிகளை எழ விடுவதில்லை. ஆனால் அந்தத் தீங்கை நிறுவப் பொய் தேவையில்லை.

வகுப்பில் கடைசி வரிசையில் கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். கட்டையை எப்படி அடுக்குவது, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு எப்படி மூடுவது, காற்றுக்கு எங்கெங்கே துளை விடுவது என்று அதற்குத் தெரியும். முதலில் புகை வெள்ளையாகக் கொட்டும். கட்டையிலிருக்கும் ஈரம் போகிறது. புகை மெலிந்து நீலமானால் வெந்துவிட்டது, துளையை அடைக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மரம் எப்படிச் சிதைகிறது என்று மேல்வகுப்பில் வேதியியலாக வரப்போவதை இது மூக்காலும் கண்ணாலும் படித்திருக்கிறது. பரீட்சையில் ‘சீமைக் கருவேலத்தை ஒழிப்போம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதி அதே பிள்ளை எட்டு மதிப்பெண் வாங்கும். தன் வீட்டு அடுப்பு எரிவது எதனால் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி வராது.

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பள்ளிக்கூடம்தான் அதை மதிப்பதில்லை, மரபறிவைப் பாடத்தில் சேர்த்தால் போதும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் அறிவு எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி இறங்கியிருக்கவில்லை. யார் எந்த வேலைக்கு விடப்பட்டார்களோ அவர்களிடம் அது இருக்கிறது. கண்மாயின் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துவிட்டவர் நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் இருந்தார். நடுராத்திரி புயலில் கரை உடையாமல் காத்தவரும், முங்கிப்போய் மடையைத் திறந்தவரும் அவர்தான். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். தண்ணீரைப் பிரித்துவிடும் உரிமை இருந்தது. கூலி, களத்தில் அளந்துபோட்ட நெல். இன்று அவருடைய பேரன் பள்ளிக்கு வருவது அந்த வேலையிலிருந்து தப்பிப்பதற்காக. அவனிடம் போய் ‘உன் தாத்தாவின் அறிவு பொக்கிஷம், அதைச் சொல்லு’ என்றால் அவன் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

‘உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அந்தக் காலத்து ஊருணியைப் பற்றி எழுதி வருக’ என்பது இப்போது எல்லோருக்கும் பிடித்த செயல்திட்டம். ஒரு தாத்தா, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கால்கூடக் கழுவ விடமாட்டோம் என்பார். இன்னொரு தாத்தா, “எங்கள எங்க அதுல எறங்க விட்டாங்க? யாராச்சும் மோந்து ஊத்துற வரைக்கும் கொடத்த வச்சுக்கிட்டு ஓரமா நிப்போம்” என்பார். இரண்டும் ஒரே ஊருணியைப் பற்றிய உண்மை. முதலாவது சுவர்ப்பலகையில் ஒட்டப்படும். இரண்டாவதை என்ன செய்வது என்பதில்தான் ஆசிரியர் யார் என்று தெரியும். தேசியப் பாடத்திட்டம் 2005-ஐ ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில், அசுத்தம் அள்ளும் வேலையை யார் செய்வது என்ற கேள்வியை நேராகக் கேட்கும் பாடமே இருந்தது. குப்பையையும் சாக்கடையையும் பற்றிப் பேசும்போது சாதியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று ஒத்துக்கொண்ட பள்ளிப் புத்தகம் நம் நாட்டில் அபூர்வம்.

வெட்கம் இந்தப் பாடத்தின் நிரந்தர மாணவன். இருளர் வீட்டுப் பிள்ளைக்கு வயல் வரப்பில் எலி வளையின் வாசல் எது, தப்பிக்கும் வழி எது என்று தெரியும். வகுப்பில் கேட்டால் தெரியாது என்று தலையாட்டும். எலி பிடிக்கிற சாதி என்று அடுத்த பெஞ்சில் சிரிப்பார்கள். வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு தருவது பெரும்பாலும் அவர்கள். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள், 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அந்தப் பத்மஸ்ரீக்குப் பிறகாவது அந்தப் பிள்ளை கையைத் தூக்குமா என்று எனக்கு ஆசை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்கம் வாயிலேயே இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஊர்களில் குழந்தைகளின் பல் பழுப்பேறிக் கோடு விழும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான். பாறையிலிருந்து கரைந்த ஒரு தாது, ஆழ்குழாய் வழியாக ஏறி, பல் முளைக்கிற வயதில் உடம்புக்குள் போய் எனாமலில் உட்கார்ந்த கதை, நிலவியலும் வேதியியலும் உடலியலும் அரசியலும் சேர்ந்தது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்ணுக்கு, இது நீ பல் துலக்காததால் வந்ததில்லை என்று சொல்வதற்காகவாவது அந்தப் பாடத்தை நடத்தலாம். சிலர் நடத்தியும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தைச் சொல்வது வழக்கம். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-ல் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த ‘நண்பர்கள் கிராம மையம்’ என்ற அமைப்பும் சேர்ந்து 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலை வேறுவிதமாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் ஏகலவ்யா அமைப்பு உருவாகிப் பொறுப்பேற்றது. பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போய் இலையும் மண்ணும் சேர்த்து, தாங்களே பிரித்து, தாங்களே எழுதினார்கள். ‘பால் வைஞானிக்’ புத்தகத்தில் விடை இருக்காது, கேள்வியும் செய்முறையும்தான். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்கு யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்டுக் கடிதம் போடலாம், பதில் வரும். டெல்கோ நிறுவனத்திலிருந்து விடுப்பில் வந்த அர்விந்த் குப்தா என்ற பொறியாளர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுக்கக் கற்றது அங்கேதான். முப்பதாண்டு நடந்தது. 2002-ல் மாநில அரசு நிறுத்தி, பள்ளிகளை வழக்கமான பாடநூலுக்கே திருப்பிவிட்டது.

அந்த முப்பதாண்டில் என்னை ஈர்ப்பது கருவிப்பெட்டி இல்லை, ஆசிரியர்களின் மாதாந்தரக் கூட்டம். வகுப்பில் தெரியாமல் போன கேள்வியை அங்கே கொண்டுவந்து வைத்து, பல்கலைக்கழகத்துக்காரர்களோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தெரியாது என்று சொல்வதற்கு ஆசிரியருக்கு ஓர் இடம் இருந்தது. இங்கே ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம், புழுக்கையை முளைக்கவைத்துப் பாருங்கள் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, அதன் ‘துளிர்’ இதழை வாசித்துக்கொண்டு, 1993-லிருந்து நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டு. மாநாட்டு ஆய்வுகளில் ஆசிரியரின் கையெழுத்து அதிகம் தெரிகிற ஆய்வுகள் உண்டு. பிள்ளைகள் நிஜமாகவே ஊர்க் கிணறுகளை எண்ணி, கயிறு விட்டு அளந்து வந்த ஆய்வுகளும் உண்டு. இரண்டாவது வகை மேடையில் கொஞ்சம் திக்கிப் பேசும், அதனால் பரிசு வாங்காமல் போவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2022-லிருந்து கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு, ஐப்பசியிலிருந்து மாசிவரை எழுதிவைத்த கணக்கை அந்தக் கூட்டத்தில் வாசித்தால் என்ன என்று சில ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழை அளவை வாசித்தால் கைதட்டுவார்கள். கலுங்குக் கல்லில் தண்ணீர் எத்தனை நாள் எந்த மட்டத்தில் நின்றது என்று வாசித்தால் வயதானவர்கள் உன்னிப்பாகக் கேட்பார்கள், சரிதான் என்றோ தப்பு என்றோ குரல் கொடுப்பார்கள். வரத்துக்கால் மேலூர் எல்லையில் இத்தனை அடி அகலம், இன்னார் தோட்டத்து வேலியருகே இத்தனை அடி என்று மூன்றாவது தாளை எடுக்கும்போது, “இத யாரு எழுதிக் குடுத்தது?” என்று ஒரு கேள்வி வரும். நாங்களே அளந்தோம் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை. அடுத்த பார்வை பின்னால் நிற்கும் ஆசிரியர்மேல் விழும். அப்போது அவர் பக்கத்தில் யார் யார் நிற்பார்கள் என்பதை முன்னாடியே பேசி முடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் கையில் டேப்பைக் கொடுக்க வேண்டும்.